காந்தம் ஒட்டாத டம்ளர்

என் வாழ்நாளில் நான் போய்வந்த ஒரே வெளிநாடு திருவிதாங்கூர். சமஸ்தானங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாகிவிட்டதே, இனி என்ன வெளிநாடு என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் பட்டறையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. நேற்றுவரை தனி நாணயமும் தனி அஞ்சலும் எல்லையில் சுங்கச் சாவடியும் வைத்திருந்த ஊர் அது. அங்கே புளி கிடைக்குமோ கிடைக்காதோ என்று என் மனைவி ஒரு தேங்காய் அளவுக்குப் புளியை உருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

எங்கள் பட்டறை எவர்சில்வர் பாத்திரம் செய்வது. ஆறு வருஷம் நான் அங்கே பாலிஷ் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் மை மாதிரி வரும். அந்த வருஷம் மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவேயில்லை. இனி தூசி கூடாது என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லிவிட்டார். முதலாளி யோசித்து, ஒரே ஒரு தரம் வெளியூருக்குச் சரக்கு விற்கப் போய் வா என்றார். ஆர்டரோடு வந்தால் நான் விற்பனைக்காரன். வெறுங்கையோடு வந்தால் மறுபடியும் சக்கரம். அவ்வளவுதான் பேச்சு.

விற்பதற்கு அது மோசமான காலம். கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கோ நடக்கும் சண்டைக்கும் நம் வீட்டு டம்ளருக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் நிக்கல். எவர்சில்வர் தகட்டில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்திருக்கும். அந்த நிக்கலை ஆயுதம் செய்ய வேண்டுமென்று அமெரிக்காக்காரன் வாங்கிக் குவிக்க, கப்பலில் வரும் தகட்டின் விலை போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று என்று ஏறியது. பாத்திரத்தின் விலையில் பெரும்பங்கு தகடுதான். எங்கள் கூலி அதில் இலை ஓரத்து ஊறுகாய்.

அதனால் முதலாளி நிக்கல் இல்லாத வெறும் குரோமியத் தகடும் வாங்க ஆரம்பித்தார். அது மலிவு. பளபளப்பில் இரண்டும் அண்ணன் தம்பி. தேய்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டும் நிக்கல் தகட்டில் லேசாக மஞ்சளும் மற்றதில் லேசாக நீலமும் தெரியும். ஆனால் விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே விலை. இது எப்படி என்று நான் கேட்டேன்.

"கேட்டால் சொல். கேட்காவிட்டால் நீயாக எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றார் முதலாளி.

முதல் நாளிலேயே அந்த விலைப்பட்டியல் போய்விட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்தபோது அதைக் கையில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அங்கே காற்று என்று ஒன்று இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்று தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடுத்த ஜன்னல் வழியாகப் போயிற்று. நான் கத்திய கத்தலில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். முன்பின் தெரியாத மூன்று பேர் எனக்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். மடியில் கோழி வைத்திருந்த ஓர் அம்மாள் சிரித்த சிரிப்பில் கோழி பயந்து கொக்கரித்தது. தாள் கால்வாயில் விழுந்து கரைந்தது.

"காத்து கொண்டுபோனதத் திருப்பி வாங்கித் தர நமக்குத் தெரியாது சாரே. ஏறுங்க" என்றார் கண்டக்டர். பாடிய மாதிரி இருந்ததால் கோபம்கூட வரவில்லை.

கணவாய் தாண்டியதும் நான் விலைப்பட்டியலை மறந்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் தண்ணீர். குளத்தைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் வாழை, மறுபடியும் குளம். குழாயடியில் குடத்தை வரிசை வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஊரிலிருந்து வருகிறவனுக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நாகர்கோவிலில் இறங்கி ஒரு காப்பிக் கடையில் ரசவடை சாப்பிட்டேன். வடையை ரசத்தில் மூழ்கடித்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்ச் சாம்பார் வடையைப் பற்றி நான் பேசிய பெருமையெல்லாம் அங்கேயே அடங்கிற்று. பிறகு மட்டிப்பழம் என்று விரல் நீளத்தில் ஒரு வாழைப்பழம். எத்தனை தின்றேன் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். பேச்சில் எல்லாரும் இன்னும் சக்கரம் என்கிற பழைய திருவிதாங்கூர்க் காசுக் கணக்குதான் சொன்னார்கள். நான் ரூபாயை நீட்டிவிட்டு, மீதி தந்ததை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வடசேரியில் நாராயணவடிவு அண்ணாச்சியின் பாத்திரக் கடை. முன்பே எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தவர் அவர்தான். ஐயாவழி என்கிற அந்தப் பக்கத்துச் சமயத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் வெள்ளை நாமம் சுடர் மாதிரி மேல்நோக்கி எழும்பி நின்றது. கடை முழுக்கப் பித்தளை, வெண்கலம், நடுவில் ஒரு பெரிய தராசு. நான் மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆறு டம்ளரும் மூடி போட்ட இரண்டு சம்படமும். இரண்டு தகட்டிலும் செய்தது சரிபாதி கலந்து வைத்திருந்தது. அண்ணாச்சி ஒரு டம்ளரை எடுத்துச் சுண்டிப் பார்த்தார், அதில் தன் முகத்தைப் பார்த்தார், பிறகு தராசில் வைத்தார்.

எண்ணிக்கைக்கு விலை என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊர் வழக்கம் வேறு. பாத்திரத்துக்கு இரண்டு விலை சொல்ல வேண்டும். சரக்கின் விலை தனி, செய்கூலி தனி. சரக்கின் விலை அன்றைய நிலவரம், அதில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். கூலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மொத்தமாக ஒரு விலை சொல்கிறவனை அங்கே யாரும் நம்புவதில்லை.

"உள்ள கெடக்க சரக்கு எவ்வளவு, செஞ்சவன் கூலி எவ்வளவு? அதச் சொல்லாம எப்படி வாங்க முடியும்?" என்றார்.

பட்டியல் கால்வாயில். எனக்குத் தெரிந்ததையே சொன்னேன். சதுரத் தகட்டில் வட்டம் வெட்டினால் நாலு மூலையும் கழிவாகும். வட்டத்தை அழுத்தி இழுத்துக் குழியாக்க வேண்டும், சில கிழிந்து போகும். பிறகு விளிம்பு மடக்குவது, தேய்ப்பது, பாலிஷ். பாலிஷைப் பற்றி மட்டும் சற்று அதிகமாகவே சொன்னேன். கொரியாவில் தொடங்கி அவருடைய தராசுவரை நிக்கல் வந்த கதையையும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். தகடு ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை அவருக்கு. பித்தளை என்றால் பத்து வருஷம் கழித்து நசுங்கி வந்தாலும் எடைக்கு எடை பணம் கிடைக்கும். இதைத் திருப்பிக் கொடுத்தால் யார் எடுப்பார்கள்? இதற்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"மணவாளக்குறிச்சியில ஞானமுத்து மேஸ்திரின்னு ஒருத்தரு, மணல் கம்பெனியில வேல. மக கல்யாணத்துக்கு ஒரு வீட்டுக்கு வேண்டியது அம்புட்டும் எவர்சில்வர்ல கேக்காரு. அவரு எடுத்தா அந்தக் கரை முழுக்க எடுக்கும், பொறவு குளச்சலும் எடுக்கும். அவரு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நானும் அண்ணாச்சியும் பஸ் ஏறினோம். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களின் காலிக் கூடைகள் எங்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. பாதி வழியில் எஞ்சின் கொதித்து, வண்டி ஒரு குளக்கரையில் நின்றது. தண்ணீர் மொள்ள ஏதாவது உண்டா என்று கண்டக்டர் எட்டிப் பார்க்க, என்னைக் கேட்காமலே அண்ணாச்சி மாதிரிப் பெட்டியைத் திறந்து இரண்டு சம்படத்தையும் கொடுத்துவிட்டார். அவை கை மாறிக் கை மாறிக் குளத்துக்கும் எஞ்சினுக்கும் நடந்தன. மீன்காரப் பெண்கள் ஒவ்வொருவரும் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதைவிட நல்ல விளம்பரத்தை நான் பிறகு எங்கும் செய்ததில்லை.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை கறுப்பு. நான் பார்த்த ஒரே கடற்கரை மெரினா. மணல் என்றால் வெண்கலத் தூள் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தவன். இங்கே ராத்திரி யாரோ மை கொட்டிவிட்டுப் போன மாதிரி அலைக்கு மேல் கரிய பட்டை. அந்த மணலை வாரி, காயவைத்து, பெரிய காந்தத்துக்கு அடியில் ஓடவிடுகிறார்கள். காந்தம் இழுத்த கறுப்பு மணல் மூட்டையாகி, குளச்சலில் கப்பல் ஏறுகிறது. இழுக்காத வெறும் மணலில் பெரும்பகுதி குப்பை. அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் வெள்ளைக்காரன் வீட்டுச் சுவருக்கு வெள்ளைச் சாயம் செய்கிறான் என்று அண்ணாச்சி சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தேன், உண்மைதான்.

ஞானமுத்து மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர், தடித்த மீசை. கிறிஸ்தவ சபைக்கு ஒழுங்காகப் போகிற வேதக்காரக் குடும்பம். மகள் எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குளச்சலில், அலை தெறித்தால் வாசல் நனையும் தூரத்தில். அந்த வீட்டுக்கு முதல் எவர்சில்வர் இவள் கொண்டுபோவதாகத்தான் இருக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் ஆசை. அதற்காக இருபது வருஷச் சேமிப்பு.

நான் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். மேஸ்திரி சமையலறைப் பக்கம் போய் லாட வடிவத்தில் ஒரு காந்தத்தோடு வந்தார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு காந்தம் உண்டு, அரிவாள்மணை மாதிரி. முதல் டம்ளரில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. இரண்டாவது ஒட்டவில்லை. விளிம்பில் மட்டும் லேசாக இழுத்தது. அடித்து மடக்கின இடத்தில் நிக்கல் தகடு அப்படி இழுப்பது வழக்கம். மேஸ்திரிக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி? வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் நல்ல சரக்கு. அடியில பூரா ஏமாத்து" என்றார்.

ஆறையும் பிரித்தார். ஒட்டிய மூன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒட்டாத மூன்றையும் புறங்கையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஒட்டுறதாக்கும் சரக்கு. ஒட்டாதது கழிவு. இருவது வருசமா இந்தக் கையால பாத்துக்கிட்டு இருக்கேன். இதுலயே எல்லாம் தாங்க. சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்."

நிக்கல் கலந்த தகட்டில்தான் காந்தம் ஒட்டாது, மலிவுத் தகட்டில் ஒட்டும். உலகத்திலேயே இந்த ஒரு கரையில்தான் மலிவுத் தகட்டைக் காந்தம் வைத்துத் தேடிப்பிடித்து, நிக்கல் விலைக்கு வாங்குவார்கள். முதலாளி கனவில்கூட இப்படி ஒரு வாடிக்கையைக் கண்டிருக்க மாட்டார். மனம் துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி உடனே தாளை எடுத்து ஒரு வீட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அந்த நிமிஷமே பாலிஷ் சக்கரத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் மரவள்ளி என்கிற மரச்சீனிக் கிழங்கு அவித்தது, மண்சட்டியில் சாளைமீன் குழம்பு. தேங்காயும் மிளகாயும் மை மாதிரி அரைத்து, மேலே எண்ணெய் மிதந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, கிழங்குதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எஸ்தரின் தாயார் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, மூன்றாம் தரம் வாங்கினேன். எஸ்தர் குழம்பு ஊற்றிக்கொண்டே என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்லல்லியே. உங்க வீட்டுக்குன்னா இதுல எத எடுப்பிய?"

கேட்டால் சொல் என்பதுதான் முதலாளியின் கட்டளை. அவள் கேட்டுவிட்டாள். அதுவும் வாத்திச்சி, பதில் வரும்வரை பார்வையை எடுக்கவில்லை. என் மனைவி புளி உருட்டிக்கொண்டிருந்ததுதான் அப்போது கண்முன் வந்தது. "ஒட்டாததை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுவதில் நிக்கல் இல்லை. அது மலிவு. உப்பும் புளியும் பட்டால், கடற்காற்று பட்டால் துருப்புள்ளி விழும். சொல்லி முடித்தபோது அண்ணாச்சி கிழங்கை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி நம்பவில்லை. அவர் மேல் குற்றமில்லை. விற்க வந்தவன் தள்ளிவிட வேண்டிய கழிவைத்தானே நல்லது என்பான் என்றார். நானாயிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். எஸ்தர்தான் குறுக்கே வந்தாள். ஒட்டுவது ஒன்று, ஒட்டாதது ஒன்று, இரண்டு டம்ளரிலும் இதே குழம்பை ஊற்றி, உப்பும் புளியும் கூடப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பார்க்கலாம் என்றாள். நான் உற்சாகமாகப் பெட்டியைத் திறந்து என் புளி உருண்டையை எடுத்தேன்.

"ஒங்க புளி வேண்டாம். எங்க வீட்டுல புளி கெடக்கு" என்றார் மேஸ்திரி.

சாயங்காலப் பஸ்ஸுக்கு அண்ணாச்சி தனியாகவே கிளம்பினார். எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "முடிஞ்ச வியாபாரம். சும்மா கிழங்கத் தின்னுக்கிட்டு இருந்திருக்கப்பிடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறினார்.

சனிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புள்ளி விழும் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. பட்டறையில் ஒரு வயதான தொழிலாளி சொல்லக் கேட்டதுதான். இரண்டு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆர்டரும் போகும், மானமும் போகும், எஸ்தர் அந்த டம்ளர்களோடுதான் கடற்கரை வீட்டுக்குப் போவாள். ஆறு மாதம் கழித்துப் புள்ளி விழும்போது பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன். மாமியார் வீட்டில் ஏச்சு வாங்கப்போகிறவள் அவள்.

மேஸ்திரி என்னை நம்பாவிட்டாலும் விருந்தாளியை விடுகிறவர் இல்லை. பக்கத்து வீட்டில் படுக்கை போட்டுக் கொடுத்தவர், காலையிலேயே குளச்சலுக்குக் கூட்டிப்போனார். படகுகள் கரையேறி ஏலம் நடந்துகொண்டிருந்தது. நெத்திலிக் குவியலுக்கு ஏலக்காரர் ஒரு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வடக்கே இன்னும் நாலு வள்ளம் வருகிறது என்று யாரோ சொல்ல, விலை அந்த இடத்திலேயே விழுந்தது. பிடித்தவனுக்கு உழைப்பு ஒன்றுதான். கடல் கொடுப்பது கூடினால் விலை குறைகிறது. நிக்கலும் இதுதான் என்றேன் நான். மேஸ்திரி மீசையைத் தடவினார்.

"எங்க மணலு அப்படி இல்ல. சாயத்துக்கு வெல கூடுதுன்னு சொல்லுதான், கப்பலும் கூட வருது. வாருறவ கூலி மட்டும் அசையமாட்டேங்குது" என்றார். அன்று அவர் என்னிடம் நட்பாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு கோவிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு நன்றாக இருந்தது, பிரசங்கம் நீளம். உபதேசியார் பொறுமையைப் பற்றிப் பேசினார், என்னைப் பார்த்துப் பேசிய மாதிரியே இருந்தது. வெளியே வந்தால் அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். கோபம் இருந்தாலும் முடிவு தெரியாமல் அவரால் கடையில் உட்கார முடியவில்லை. விஷயம் எப்படியோ பரவி, எங்கள் பின்னால் பதினைந்து பேர் வந்தார்கள்.

எஸ்தர் இரண்டு டம்ளரையும் கொண்டுவந்தாள். இருந்த படபடப்பில், வெளியிலிருந்து பார்த்து எது எதென்று எனக்கே தெரியவில்லை. குழம்பைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேட்டித் துணியால் துடைத்தாள். ஒன்று புதிதாக வந்த மாதிரியே இருந்தது. மற்றதின் உள்ளே, குழம்பு நின்ற மட்டத்தில், கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். தேய்த்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி காந்தத்தை எடுத்தார். புள்ளி விழுந்த டம்ளரில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஒட்டியது.

"இருவது வருசமா காந்தம் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. இப்பவும் சொல்லல்ல. நாந்தான் மணல்கிட்டக் கேக்குற கேள்விய டம்ளர்கிட்டக் கேட்டுட்டேன்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, "வாங்க மக்கா, சாப்பிடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் நாலு நாள் பட்டினி கிடந்திருப்பேன்.

அண்ணாச்சி உடனே தாளை விரித்தார். மேஸ்திரி கையை உயர்த்திவிட்டார். ஓய்வுநாளில் அவர்கள் கிரயம் பேச மாட்டார்கள். ஆகவே வியாபாரம் பேச வந்த அண்ணாச்சி வியாபாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு, பப்படமும் பழமும் பிசைந்து பாயசம் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை மேஸ்திரியும் எஸ்தரும் வடசேரிக் கடைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை பாத்திரங்களின் பெயரை மட்டும் எழுதிய தாளில் அன்றுதான் விலை போட்டுக் கூட்டினோம், வேறு சங்கடம் வந்தது. எல்லாமே நிக்கல் தகட்டில் என்றால் மேஸ்திரியின் சேமிப்பு பாதிக்குக்கூடப் போதாது. அவர் முகம் விழுந்துவிட்டது. எஸ்தர் பென்சிலை எடுத்தாள். உப்பு, புளி, மீன், மோர் படுவது எல்லாம் ஒரு பக்கம். அரிசி, பருப்பு, சீனி போட்டு மூடி வைக்கும் டப்பாக்கள் இன்னொரு பக்கம். தண்ணீர்க் குடமும் உருளியும் இருக்கிறபடியே பித்தளையும் வெண்கலமும். உலர்ந்த பொருளுக்கு ஒட்டுகிற தகடு போதுமே என்று என்னைப் பார்த்தாள். போதும் என்றேன். பாட்டி காலத்துப் பித்தளை இருக்கும்போது எதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன். விற்க வந்தவன் சொல்கிற பேச்சா அது என்று அண்ணாச்சி சிரித்தார்.

"அப்ப ஒட்டுறதுக்கு வெல என்ன? சரக்கு தனி, கூலி தனி" என்றார் மேஸ்திரி.

அந்த விலையை முதலாளி எனக்குத் தரவில்லை. அவருடைய பட்டியலில் அப்படி ஒரு விலையே கிடையாது. தந்தி கொடுத்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மலிவுத் தகடு பட்டறையில் என்ன விலைக்கு இறங்கியது என்றும் தெரியும். கூலி என்ன என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? வாங்கிய விலையோடு கழிவைச் சேர்த்து, முதலாளிக்கு நியாயமான லாபம் வைத்து, சரக்கு தனியாகவும் கூலி தனியாகவும் சொன்னேன். வழக்கப்படி சரக்கின் விலையில் மேஸ்திரி பேரம் பேசவில்லை. கூலியில் அரைமணி நேரம் பேசினார். பாலிஷ் கூலியில் மட்டும் நான் ஓர் அணா இறங்கவில்லை.

சேமிப்புக்குள் எல்லாம் அடங்கியது. அண்ணாச்சி தன் கடைக்கும் அதே மாதிரி இரண்டு விதத்தில் ஆர்டர் எழுதிக் கொடுத்தார். நான் பஸ் ஏறும்போது மேஸ்திரி தன் காந்தத்தை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக் கையில் வைத்தார். உங்கள் முதலாளிக்குக் கொடுங்கள், சரக்கு வந்து இறங்கும்போது வைத்துப் பார்க்க எங்களிடம் இன்னொன்று இருக்கும் என்றார். ஆரல்வாய்மொழி வந்ததும் ஆர்டர் தாளை வயிற்றுக்கும் வேட்டிக்கும் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சென்னையில் முதலாளி தாளைப் படித்தார். முகம் சிவந்தது. இரண்டு விலை சொல்ல யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது என்றார். கேட்டார்கள், சொன்னேன் என்றேன். மறுபடியும் சக்கரத்தில் போய் உட்கார் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்கும், நான் காந்தத்தை மேஜைமேல் வைப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் வீட்டிலிருந்து வந்த காப்பி டம்ளர் பக்கத்திலேயே இருந்தது. காந்தத்தை அதன்மேல் வைத்தேன். ஒட்டவில்லை. எடுத்து, விற்பனைக்கு அடுக்கியிருந்த டம்ளர் ஒன்றில் வைத்தேன். டக்கென்று ஒட்டியது.

முதலாளி காப்பி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு காப்பியைக் குடித்தார். அடுத்த வாரம் புதிய விலைப்பட்டியல் அச்சாகி வந்தது. திருவிதாங்கூர்ப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு விலை. மற்ற ஊர்களுக்குப் பழையபடி ஒரே விலை. ஏன் என்று கேட்டேன். அந்த ஊர்களில் யாரும் கேட்கவில்லையே என்றார்.

காந்தத்தை அவர் வேண்டாம் என்றுவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்பதை என் மனைவி அன்று ராத்திரியே பார்த்து முடித்துவிட்டாள், அது வேறு கதை. அதன்பிறகு கும்பகோணம், காரைக்குடி, சேலம் என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் மாதிரிப் பெட்டியைத் திறந்ததும் முதலில் காந்தத்தை எடுத்து டம்ளர்களுக்கு நடுவில் வைப்பேன். அதைப் பற்றி நானாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், முதலாளியின் கட்டளை அப்படி. ஆனால் காந்தத்தைக் கண்டு சும்மா இருக்கிற மனிதனை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. கடைக்காரர் அதை எடுப்பார், ஒரு டம்ளரில் வைப்பார், இன்னொன்றில் வைப்பார், நிமிர்ந்து பார்ப்பார்.

"இது ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?" என்று கேட்பார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.